நாட்டுக்கோழி முட்டையும் நாச்சியாரின் சங்கிலியும்

செங்கால்குளம் என்று ஓர் ஊர் இருக்கிறது, அது நாசமாய்ப் போகட்டும் என்று நான் சாபம் விடமாட்டேன், அது பாட்டுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. அந்த ஊரில் தங்கத்தைக் கல்லில் உரச மாட்டார்கள், முத்திரையைத் தேட மாட்டார்கள், எத்தனை காரட் என்று கேட்கிறவனைக் கஞ்சப்பயல் என்பார்கள், நகையைப் பித்தளைத் தாம்பாளத்தில் பரப்பி, நடுவில் ஒரு நாட்டுக்கோழி முட்டையை உடைத்து ஊற்றி, மஞ்சள் கருவும் நகையும் ஒரே நிறமாக இருந்தால் பத்தரைமாற்று என்றும், கருவை விட நகை வெளுத்திருந்தால் கள்ளத் தங்கம் என்றும் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். இதற்கு முட்டை பார்க்கிறது என்று பேர். அந்த ஊர்க் கோழிகள் என்னத்தைக் கொத்தினவோ, கரு குங்குமத்தைக் குழைத்த மாதிரிச் செவசெவ என்று இருக்கும், ஆகவே ஊரில் ஒவ்வொரு கழுத்திலும் கிடந்த தங்கமும் செவசெவ என்று இருந்தது, செம்பை எவ்வளவு அள்ளிப் போட்டாலும் கேட்க நாதியில்லாததால் அந்த ஊர் நகைக்கடைக்காரன் மாடி மேல் மாடி கட்டினான்.

நான் முத்துப்பேச்சி, தூத்துக்குடிக்காரி, அப்பா உப்பு லாரி ஓட்டுகிறவர். கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் ஊரில் ஒரு பெரிய நகைக்கடையில் சங்கிலிப் பிரிவில் நின்று விற்றவள், வாய் கொஞ்சம் நீளம் என்று மேனேஜரே சொல்லியிருக்கிறார், எனக்கும் அதில் மறுப்பில்லை. என்னைச் செங்கால்குளம் ஆவுடையம்மாளின் ஒரே மகன் சங்கரவேலுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாண நகையை மாப்பிள்ளை வீட்டார் அவர்கள் ஊர்க் கடையிலேயே எடுத்ததால் முட்டை அன்றைக்கு என் பக்கம் பேசியது. தலைப்பிரசவத்துக்கு அம்மா வீடு போய், பெண் பிறந்து, நாச்சியார் என்று பேர் விட்டு, பிள்ளைக்குச் சீராகச் சங்கிலி, காப்பு, அரைஞாண் மூன்றையும் நான் வேலை பார்த்த கடையிலேயே என் கையால் பொறுக்கி எடுத்தேன். இளமஞ்சள் நிறம், கண்ணை உறுத்தாத நிறம், அசல் இருபத்திரண்டு காரட், கொக்கியில் முத்திரை. முட்டை என்கிற சங்கதியே என் நினைப்பில் வரவில்லை, தங்கம் தெரிந்தவள் எதற்காக முட்டையை நினைக்கப் போகிறாள்.

அந்த ஊர் முறை இன்னொன்றும் உண்டு: தாய்வீட்டிலிருந்து திரும்புகிறவளிடம் பிள்ளையை முதலில் வாங்கி உள்ளே கொண்டுபோய்த் தொட்டிலில் போட்டுவிடுவார்கள், அப்புறம்தான் அவள் கொண்டுவந்த சீரை வாசலில் வைத்து முட்டை பார்ப்பார்கள், அது ஒத்துப்போன பிறகுதான் அவள் நிலைப்படி தாண்டலாம். நாச்சியாரை என் கையிலிருந்து வாங்கியவள் என் அத்தை ஆவுடையம்மாள்தான், கொஞ்சிக்கொண்டேதான் வாங்கினாள். தெருப்பெண்கள் கூடி நின்றார்கள், முட்டை உடைந்தது, செவந்த கருவுக்குப் பக்கத்தில் என் பிள்ளையின் சங்கிலி சோகை பிடித்தவள் மாதிரிக் கிடந்தது, கூட்டத்தில் ஒருத்தி வாயைப் பொத்திச் சிரித்தாள், ஒருத்தி பொத்தாமலே சிரித்தாள்.

நான் விற்பனைக்காரி, எனக்குச் சொல்லத் தெரியும். மார்பில் பால் கட்டி ரவிக்கை நனைந்துகொண்டிருக்க, வாசலில் நின்று சொன்னேன்: "அத்தை, இருபத்துநாலு பங்குல இருபத்திரண்டு பங்கு தங்கம். மிச்சம் ரெண்டு பங்குல செம்பு கூடுனா செவக்கும், வெள்ளி கூடுனா வெளுக்கும். தங்கம் ரெண்டுலயும் ஒண்ணுதான். சந்தேகம்னா மெஷின்ல வச்சுப் பாருங்க, முத்திரையப் பாருங்க."

ஆவுடையம்மாள் குரலை உயர்த்துகிற மனுஷி இல்லை, அதுதான் அவளிடம் பயப்பட வேண்டிய விஷயம். "முத்திரைய மனுசன் அடிக்கான், முட்டையக் கோழி போடுது," என்றாள். "ரெண்டுல எது பொய் சொல்லும்னு நீயே சொல்லு. உங்கப்பன் என் பேத்திக்குப் பித்தளையக் குடுத்து அனுப்பியிருக்கான். செவந்த நகையோட வா, அப்பப் பிள்ளையத் தூக்கு."

கதவு சாத்தப்பட்டது. உள்ளே பிள்ளை, வெளியே நான், கையில் வெளுத்த நகை. எனக்குத் தாலிகட்டிய மகராசன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, அம்மா சொன்னாக் கேட்டுக்கோயேன், கொஞ்சம் செவந்ததா மாத்திட்டு வந்தா என்ன கெட்டுப்போச்சு என்று கேட்டுவிட்டுச் சாப்பிடப் போனார். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். இன்ஸ்பெக்டருக்குப் பெண்டாட்டி இந்த ஊர்தானாம், சங்கிலியை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, கொஞ்சம் வெளுப்பாத்தான் இருக்கு, குடும்ப விஷயம், அனுசரிச்சுப் போங்க என்று திருப்பிக் கொடுத்தார். அனுசரிக்கிறதாம். அவர் பிள்ளையை ஒரு பொழுது தொட்டிலோடு தூக்கி வைத்துக்கொண்டு அனுசரிக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

ஊரை விட்டுப் போகவும் கால் வரவில்லை. எதிர்வீட்டில் செய்யதம்மா என்றொருத்தி, கோழி வளர்த்து முட்டை விற்றுப் பிழைக்கிறவள், முட்டை பார்க்கிற வழக்கமெல்லாம் அவர்கள் வீட்டில் கிடையாது, அவள்தான் தன் பின்னறையைத் திறந்துவிட்டாள். அங்கிருந்து நாச்சியார் அழுகிறது கேட்கும். அவள் அழுதால் என் மார்பு நனையும். நடுவில் ஒரு தெருதான் கிடந்தது, வண்டிகூட எதிரெதிரே போக முடியாத தெரு, அதைத் தாண்ட எனக்கு வழியில்லை. பால் கட்டிக் கல்லாகி நான் முனகுவதைப் பார்த்து, மல்லிகைப் பூவை வச்சுக் கட்டட்டுமா, பால் வத்திரும், வலி நிக்கும் என்று செய்யதம்மா கேட்டாள். வேண்டாம் மைனி, வலிச்சா வலிக்கட்டும், என் பிள்ளை வாரப்போ இருக்கணும் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலையில் செய்யதம்மா எனக்காக முட்டை உடைத்தாள், கரு என் நாச்சியாரின் சங்கிலி நிறத்தில் இருந்தது. இன்னொன்று உடைத்தாள், அதுவும் அப்படியே. ஏதோ கோழிக்குச் சீக்கு என்று சொல்லிக்கொண்டே பொரித்துக் கொடுத்தாள், ருசி வழக்கம்போலத்தான் இருந்தது. அன்று பொழுது ஏறுவதற்குள் ஊரில் உடைந்த முட்டையெல்லாம் அதே இளமஞ்சள், டீக்கடை ஆம்லெட் வெளுத்தது, சத்துணவுக் கூடத்து முட்டை வெளுத்தது, சுடலைமாடனுக்குப் படைத்த முட்டையும் வெளுத்தது. ஏன் வெளுத்தது என்று என்னிடம் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது, அந்த ஊரிலும் ஒருத்தரும் கேட்கவில்லை.

முதலில் தீனியைக் குறை சொன்னார்கள். கோழிகளுக்கு வற்றல் மிளகாயை இடித்துப் போட்டார்கள், தண்டங்கீரையைப் போட்டார்கள், செவந்திப் பூவைப் போட்டார்கள், ஒருத்தன் சுண்ணாம்பும் மஞ்சளும் கரைத்த ஆரத்தித் தண்ணீரையே குடிக்க வைத்தான், கோழிகள் எல்லாவற்றையும் தின்றுவிட்டு எச்சத்தைச் சிவப்பாகப் போட்டன, கருவை வெளுப்பாகவே போட்டன. பிறகு அசலூரிலிருந்து கூடை கூடையாக முட்டை வரவழைத்தார்கள். ஊர் எல்லையில் வாய்க்கால் பாலம் ஒன்று உண்டு, பாலத்தின் அந்தத் தலையில் உடைத்தால் செவப்பு, இந்தத் தலையில் உடைத்தால் வெளுப்பு, நடுப்பாலத்தில் உடைத்தால் என்ன என்று பார்க்க இளவட்டங்கள் ஒரு கூடையையே காலி பண்ணினார்கள், வாய்க்கால் மீனுக்கு யோகம் அடித்தது. வேற்றூரிலிருந்து வந்த வியாபாரிகூட வாயைப் பிளக்கவில்லை, உடைந்த முட்டைக்குக் காசு கேட்டுச் சண்டை போட்டுவிட்டுப் போனார்.

அப்புறம் அம்மன் கோவில் மண்டபத்தில் ஊர் கூடியது. இந்த இடத்தில்தான் நீங்கள் அந்த ஊரைப் புரிந்துகொள்ள வேண்டும். வேறு எந்த ஊராக இருந்தாலும் முட்டை மாறிவிட்டது, இனி முட்டையை நம்ப வேண்டாம் என்று முடிவெடுத்திருக்கும். செங்கால்குளத்தார் நன்றாக யோசித்து, வெற்றிலை போட்டுப் போட்டு யோசித்து, கோழி வாயில்லா ஜீவன், அதற்கு யாரிடமும் பகையும் இல்லை, உறவும் இல்லை, அது ஏன் பொய் சொல்லப் போகிறது, ஆகவே முட்டை சரி, இத்தனை காலமும் நம் கழுத்தில் கிடந்த தங்கம்தான் தப்பு என்று தீர்மானம் போட்டார்கள். அடப் பாவிகளா என்று நான் மண்டபத்துக்கு வெளியே நின்று கத்தினேன், பொம்பளைக்கு மண்டபத்தில் என்ன பேச்சு என்றார்கள்.

அதற்குப் பிறகு அந்தத் தெருக்களில் நடந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான். வீட்டுக்கு வீடு தாம்பாளம் வாசலுக்கு வந்தது, வெளுத்த கருவுக்குப் பக்கத்தில் செவந்த நகைகள் திருடிய பொருள் மாதிரி முழித்தன, மருமகள்கள் எல்லாம் மூட்டையும் முடிச்சுமாகத் தெருவில் நின்றார்கள், என்னைப் பார்த்து வாயைப் பொத்திச் சிரித்தவள் நின்றாள், பொத்தாமல் சிரித்தவள் அவளுக்குப் பக்கத்தில் நின்றாள், சம்பந்திகள் வாய்க்கால் பாலத்தில் செருப்பால் அடித்துக்கொண்டார்கள், மணவறை வரை வந்த கல்யாணம் ஒன்று பந்தியோடு நின்றது, மேளக்காரர்கள் மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். மருமகளை வெளியே தள்ளிய மாமியார்கள், தங்கள் கழுத்தில் கிடந்த செவந்த நகையை முந்தானையால் மூடிக்கொண்டு தள்ளினார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன், நன்றாக வேணும் என்றுதான் இருந்தது. ஆனால் அந்தச் சந்தோஷம் நாச்சியார் அழுகிற சத்தம் கேட்கிற வரைக்கும்தான் நிற்கும்.

நகைக்கடைக்காரனுக்கு ஒரு நாள்கூட நட்டம் வரவில்லை. பழைய பலகையை இறக்கி, இங்கே சுத்த வெளுப்பு நகை கிடைக்கும் என்று புதுப் பலகை ஏற்றினான், செவந்த நகையை அடிமாட்டு விலைக்கு வாங்கி உருக்கி, செம்பு போட்ட கையாலேயே வெள்ளியை அள்ளிப் போட்டு வெளுக்க வைத்து விற்றான், தங்கம் முன்னே இருந்த அளவுகூட அதில் இருந்ததோ என்னவோ. வரிசை பாலம் வரை நின்றது. நான் வரிசையில் ஒவ்வொருத்தியாகப் போய்ச் சொன்னேன், நிறத்தைப் பார்க்காதீங்க, எத்தனை காரட்னு கேளுங்க, முத்திரையக் காட்டச் சொல்லுங்க, மெஷின்ல வைக்கச் சொல்லுங்க என்று தொண்டை வற்றச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள். தலையைக்கூட ஆட்டினார்கள். பிறகு கடைக்குள் போய், கையில் பொதிந்து கொண்டுவந்த முட்டையை உடைத்து, நிறம் ஒட்டுது என்று வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

இதற்கிடையில் எனக்குக் காய்ச்சல் கண்டது. செய்யதம்மா பக்கத்து டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஊசி போட வைத்தாள். காய்ச்சல் விட்டு எழுந்தபோது மார்பு இளகியிருந்தது, நாச்சியார் எதிர்வீட்டில் அழுதாள், நான் ரவிக்கையைத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்து கிடந்தது. மல்லிகைப் பூ கட்டாமலே வற்றிவிட்டது. நான் அன்றைக்கு அழுத மாதிரி பிள்ளையை வாங்கிக் கதவைச் சாத்திய அன்றுகூட அழவில்லை. வாயில் வைத்துச் சப்ப விட்டால் மறுபடியும் ஊறும், அதற்குப் பிள்ளை வேணும் என்று செய்யதம்மா சொன்னாள். பிள்ளைதான் இல்லையே.

ஆவுடையம்மாள் வந்தாள். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, குங்குமம், புதுச்சேலை, பின்னால் அவள் மகன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஊரில் யாருக்கும் எது சரியான வெளுப்பு என்று தெரியவில்லையாம், கடைக்காரன் நகை ஒன்று போல ஒன்று இல்லையாம், முட்டையை உடைத்து மாதிரிக்கு வைத்தால் அழுகிப் போகிறதாம், முதன்முதலில் முட்டை வெளுப்பதற்கு முன்னாலேயே அந்த நிறத்தில் வந்து இறங்கிய நகை என்னுடையதுதானாம், அதை வீட்டில் வைத்து ஊரே வந்து ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறதாம். இவ்வளவையும் மன்னிப்பு என்கிற ஒரு வார்த்தை இல்லாமல் சொல்லி முடித்தாள்.

"வா தாயி," என்றாள். "மகாலட்சுமிய வாசல்ல நிறுத்திட்டேன். நகைய மறக்காம எடுத்துக்கோ."

போனேன். மானம் ரோஷம் எல்லாம் அப்புறம், பிள்ளை முதலில். நிலைப்படியில் ஆரத்தி எடுத்தார்கள், குலவை போட்டார்கள், ஆவுடையம்மாள் தன் கையால் நாச்சியாருக்குச் சங்கிலியும் காப்பும் அரைஞாணும் பூட்டி என் மடியில் கிடத்தினாள். தெருவே வீட்டுக்குள் நின்றது, ஒவ்வொருத்தி கையிலும் ஒரு நகை. நான் யாரையும் பார்க்கவில்லை, முந்தானையால் மறைத்துப் பிள்ளையை மார்போடு வைத்தேன். அவள் மோந்து பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுபடியும் வைத்தேன், உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு கத்தினாள், அவள் கண் பால் புகட்டுகிற சங்கை வைத்திருந்த ஆவுடையம்மாளைத் தேடியது.

"சங்குல பசும்பால் குடிச்சுப் பழகிட்டா," என்று ஒருத்தி சொன்னாள், அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். "அது கெடக்கு பேச்சி, சங்கிலியக் கொஞ்சம் இங்கிட்டுத் திருப்பு, வெளிச்சம் படட்டும்."

எனக்கு என்ன வந்ததோ, கோபம் என்றால் அது பத்தாது. பிள்ளையின் கழுத்திலிருந்து சங்கிலியைக் கழற்றினேன், கையிலிருந்து காப்பைக் கழற்றினேன், இடுப்பிலிருந்து அரைஞாணைக் கழற்றினேன், மூன்றையும் தாம்பாளத்தில் உடைந்து கிடந்த கருவுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒரு தலை குனிந்தது, பத்துத் தலை குனிந்தது, அப்புறம் அந்த வீட்டில் குனியாத தலை என்னுடையது மட்டும்தான். ஆவுடையம்மாள் குனிந்திருந்தாள், அவள் மகன் குனிந்திருந்தார், ஒட்டுது, ஒட்டலை, கொஞ்சம் தள்ளுங்க, என் வளையல வைக்கேன் என்று மந்திரம் சொல்கிற மாதிரி ஒரே முணுமுணுப்பு. நாச்சியார் வீறிட்டாள், அவள் அழுகை அந்தத் தெருவுக்குப் பழகிப் போயிருந்தது. நான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தேன், குனிந்த முதுகுகளுக்கு நடுவே நடந்தேன், ஒருத்தி நிமிராமலே ஒதுங்கி வழிவிட்டாள், நிலைப்படியைத் தாண்டித் தெருவில் இறங்கினேன், செய்யதம்மா மட்டும் தன் வாசலில் நின்று பார்த்துவிட்டுக் கோழிக்குத் தவிடு போட்டாள், நான் பாலத்தைக் கடந்து அந்தத் தலையில் நின்றிருந்த தூத்துக்குடி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன்.

பிள்ளை மேல் பொட்டுத் தங்கம் இல்லை. மறுபடியும் மார்பில் வைத்தேன், அழுது களைத்திருந்ததால் இந்தமுறை திருப்பிக்கொள்ளவில்லை, காம்பில் வாயை வைத்தபடி சும்மா கிடந்தாள், உறிஞ்சவில்லை. அப்போது போன் அடித்தது. என் வீட்டுக்காரர். தேடுகிறார்கள், பஸ்ஸை நிறுத்தப் பாலத்துக்கு ஆள் அனுப்புவார்கள் என்று நினைத்தேன், பிள்ளையை மறுகைக்கு மாற்றிக்கொண்டு எடுத்தேன்.

"பேச்சி, இந்தச் சங்கிலிய எந்தக் கடையில எடுத்த? ஊரே கேக்காவ."

வாய் நீளமானவள்தான் நான். ஆனாலும் மெதுவாகத்தான் கேட்டேன்: "பிள்ளை எங்க இருக்குன்னு பாத்தீயளா?"

போனில் அவர் திரும்பிக் கேட்கிறது எனக்குக் கேட்டது, அம்மா, பாப்பா உன்கிட்டயா இருக்கு என்று. அந்த முணுமுணுப்புக்கு நடுவிலிருந்து, குரலை உயர்த்தாமல், தலையை நிமிர்த்தாமல், ஆவுடையம்மாள் சொன்னதும் எனக்குக் கேட்டது.

"தொட்டில்ல கெடப்பா. நீ மொதல்ல கடைப் பேரக் கேளு."

நான் போனை அணைத்தேன். டிரைவர் ஏறி உட்கார்ந்தார், கண்டக்டர் விசில் கொடுத்தார், பஸ் புறப்பட்டது.